கிளைடர் பெஞ்சும் மூன்றரை விநாடியும்

திண்டிவனம் வீட்டுப் போர்ட்டிகோவில் போட, போன மார்கழியில் ஒரு மர கிளைடர் பெஞ்ச் வாங்கினேன். பார்க்காதவர்களுக்காக: தரையில் ஒரு மரச் சட்டம் அசையாமல் நிற்கும். அதற்குள் பெஞ்ச் நான்கு குட்டைக் கைகளில் தொங்கும். உட்கார்ந்து காலால் லேசாகத் தள்ளினால் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு போய் வரும். அமெரிக்க வீட்டு வராந்தாக்களில் பரவிய சாமான். கூரையில் கொக்கி வேண்டாம், சங்கிலி வேண்டாம். எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கு இதுதான் சரி என்று நினைத்தேன்.

அம்மா இரண்டு நிமிஷம் உட்கார்ந்தார். "இது ஆடலடா, உலுக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போய்விட்டார்.

பழக்கமில்லாததால் அப்படிச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பொங்கலுக்கு விழுப்புரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது சந்தேகம் வந்தது. அங்கே பழைய கூடத்தில் ஊஞ்சல் இன்னும் இருக்கிறது. போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு எண்ணினேன். பத்து முறை போய் வர 34 விநாடி. அதாவது ஒரு ஆட்டத்துக்கு 3.4 விநாடி. ஊருக்குத் திரும்பி கிளைடரையும் எண்ணினேன். ஒரு ஆட்டத்துக்கு ஒரு விநாடிதான்!

பள்ளி இயற்பியலில் தனி ஊசல் படித்தது ஞாபகம் இருக்கலாம். ஊசல் போய் வரும் நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நீளத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் விநாடி கிட்டத்தட்ட வந்துவிடும். உட்கார்ந்தவரின் எடை கணக்கிலேயே வராது. பெரியம்மா வீட்டில் உத்திரத்திலிருந்து பலகை வரை ஒன்பதரை அடி, சுமார் 2.9 மீட்டர். கிளைடரின் கை பத்து அங்குலம், கால் மீட்டர். என்ன மரம் போட்டாலும், என்ன பேரிங் மாட்டினாலும், கால் மீட்டர் கை ஒரு விநாடிதான் ஆடும். அம்மா சொன்னதில் தப்பே இல்லை.

இங்கேதான் எனக்குள் இருக்கும் ஆராய்ச்சிக்காரன் முழித்துக்கொண்டான். பாடப்புத்தகத்தில் பெண்டுலத்துக்கு வைத்த 'ஊசல்' என்ற பெயர் புதிதாகச் செய்த சொல் இல்லை. ஊஞ்சலுக்கான பழைய பெயரே அதுதான். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ஊசல்வரி என்றே ஒரு பகுதி இருக்கிறது. திருவாசகத்தில் திருப்பொன்னூசல் இருக்கிறது. பிள்ளைத்தமிழில் ஊசல், பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கு மட்டும் உரிய பருவம். தமிழுக்கு வெளியே போனாலும் இப்படித்தான்: அஜந்தா இரண்டாம் குகை ஓவியத்தில் ஊஞ்சலில் இருப்பது இரந்ததி என்ற நாக இளவரசி.

ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம விழுப்புரம் மாவட்டத்திலேயே, செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்மலையனூர் இருக்கிறது. அங்காளம்மன் கோயிலில் ஒவ்வொரு அமாவாசை இரவும் ஊஞ்சல் உற்சவம். அன்றைக்கு சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள், கூட்டத்தில் நிற்க இடம் கிடைக்காது. நள்ளிரவை ஒட்டி அம்மன் ஊஞ்சலில் ஆடுவதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும். ஆக, பாட்டிலும் படத்திலும் கோயிலிலும் ஊஞ்சலில் உட்கார்வது பெரும்பாலும் பெண்தான்.

வீட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது. எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் தாத்தாவின் இடம். சாப்பிட்டு வந்து வெற்றிலை போடுவதும், கணக்குப் பார்ப்பதும், பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசியதும் அதில்தான். அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். தாத்தா மதியம் தூங்கப் போன பிறகு கிடைத்த அரைமணி நேரம்தான் அவருக்கு. "செருப்புச் சத்தம் கேட்டா எழுந்துடுவேன்" என்று இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தா காலமான கொஞ்ச வருஷத்தில் வீட்டை இடித்து, கான்கிரீட் தளம் போட்டுக் கட்டினோம். ஊஞ்சலுக்கு இடம் வைக்கவில்லை. அம்மாவிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மரத்தைப் பற்றியும் கொஞ்சம். பழைய வீட்டு உத்திரம் என்றாலே "பர்மா தேக்கு" என்று சொல்வோம். அதற்குப் பின்னால் ஒரு போரே இருக்கிறது. நம் பக்கத்துத் தேக்குக்காக 1806இல் மலபாரில் கேப்டன் வாட்சனைக் காடுகளின் பாதுகாவலராக ஆங்கிலேயர்கள் நியமித்தார்கள். நோக்கம் கப்பல் கட்டுவது. காடு தேய்ந்த பிறகு, 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். அந்தப் பக்கம் பர்மாவில், வெட்டிய மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாக பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு மன்னர் தீபோவின் அரசு பெரிய அபராதம் போட்டது. 1885 போருக்கு அதுவே சாக்கானது. 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மாவும் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

என் கிளைடரும் "தேக்கு" என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. எங்கள் தெரு ஆசாரி அடிப்பக்கத்தை உளியால் சுரண்டிப் பார்த்து, "வைரமே இல்ல சார், ஓரத்து வெள்ளை. பாலிஷ்தான் தேக்கு" என்றார். யார் விற்றார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. வாங்குபவர்கள் பாலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள், அது போதும்.

அப்போதுதான் பழைய பலகை எங்கே என்று தேடினேன். பரணில், அண்டாக்களுக்கு அடியில் கிடந்தது. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குல கனம். அதாவது 1.67 கனஅடி. தேக்காக இருந்தால் சுமார் 30 கிலோ வரவேண்டும். தராசில் 31 காட்டியது.

சரி, மாட்டுவது எங்கே? பழைய வீட்டில் உத்திரத்தில் இரும்பு வளையம் இருந்தது. கான்கிரீட் தளத்தில் ஊஞ்சல் கொக்கியை, தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். ஃபேன் கொக்கியில் மாட்டலாமா என்று கேட்காதீர்கள். இரண்டு பேரும் பலகையும் சேர்ந்து 170 கிலோ என்று வைப்போம். 45 டிகிரி வரை ஆடினால், கீழே வரும் நொடியில் சங்கிலியில் விழும் பாரம் சுமார் 270 கிலோ. அதுவும் ஆட்டத்துக்கு இரண்டு முறை, வருஷக்கணக்காக.

தெரிந்த சிவில் இன்ஜினியர் வந்து பார்த்தார். போர்ட்டிகோவின் இரண்டு தூண்களுக்கு நடுவே தளத்துக்குக் கீழே ஒரு இரும்பு பீம், அதில் நான்கு கொக்கி என்று முடிவானது. பீமுக்குக் கீழே பலகை வரை எட்டடிதான் கிடைக்கும். கணக்குப் போட்டால் 3.1 விநாடி. பெரியம்மா வீட்டு ஊஞ்சலைவிடக் கொஞ்சம் வேகம். அம்மாவிடம் சொன்னேன்.

"முன்னப் பின்ன இருந்தா என்னடா. உங்க தாத்தா எழுந்திரின்னு சொல்ல மாட்டாரே" என்றார்.

சங்கிலிக்கு பித்தளையா இரும்பா என்று இன்னும் முடிவாகவில்லை. கிளைடர் இப்போது மாடியில் இருக்கிறது. என் மகளுக்கு அந்த உலுக்கல்தான் பிடிக்கிறதாம்.