கப்பலுக்கு வந்த கோபம்

ஈப்போவிலும் அதனை அடுத்த சிலிபினிலும், சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு ஒரு கப்பலின் மேல்தளத்தில் தொடங்குகிறது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் அவர்களின் முன்னோரைப் பினாங்குக்குக் கொணர்ந்தவை பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கலங்களே. அதே கம்பெனியைத் தூத்துக்குடி மக்கள் ஒரு காலத்தில் அடியோடு வெறுத்து ஒதுக்கினர். வாடிக்கையாளர் ஒரு நிறுவனத்தைப் பகைப்பது எதனால் என்னும் வினாவிற்கு அந்நிகழ்ச்சி நல்ல விடை தருகிறது.

தூத்துக்குடி–கொழும்பு வழியில் அக்கம்பெனிக்குப் போட்டியே இல்லாதிருந்தது. 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரே அதன் தலைவர். (தமிழ் வளர்த்த கை கப்பலும் விட்டது என்பது மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி.) ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் தந்தார். முதலில் குத்தகைக்குக் கப்பல் கொடுத்தவர்கள் வெள்ளையர் கம்பெனியின் நெருக்குதலால் பின்வாங்கவே, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சொந்தமாகவே வாங்கப்பட்டன.

பழைய கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில் இலவசப் பயணமும் கையில் ஒரு குடையும் தர முன்வந்ததாகக் கூறுவர். மக்கள் அசையவில்லை. கட்டணம் மட்டுமே குறையாயிருந்திருப்பின் குடையோடு கோபம் தணிந்திருக்கும். மாற்று ஒன்று எழும்பொழுதே விலையைக் குறைப்பவன் அதுகாறும் மிகுதியாகப் பறித்தவன் என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வணிகர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டுமோ? அதற்கும் மேலாக, அரசின் துணைகொண்டு எதிரியை நசுக்கும் செயல் அவர்கள் மானத்தைத் தொட்டது. 1908இல் கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிக் கொந்தளித்த நாட்களில், வெள்ளையர் பக்கம் நின்ற ஒரு வழக்கறிஞரை நாவிதர் பாதிச் சவரத்தில் விட்டு எழுந்துபோன கதை இன்றும் வழங்குகிறது.

அவ்வாண்டு மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா எதிரியின் கைக்கே போயிற்று.

பினாங்கு வழியில் மட்டும் இத்தகைய எதிர்ப்பு எழாதது ஏன்? துறைமுகத்து நெரிசலும், பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்ட நாட்களும் இனியவை அல்ல. ஆனால் தோட்டத் தொழிலாளி வாடிக்கையாளனே அல்லன். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் தீர்வை கட்டினர். தொழிலாளியின் கப்பற்செலவு அந்நிதியிலிருந்து போயிற்று. சீட்டுக்குப் பணம் தராதவனின் சினம் கம்பெனிக் கணக்கில் ஏறுவதில்லை. 1938இல் உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்திய பின்னரே, சொந்தப் பணத்தில் சீட்டெடுப்போரே மேல்தளத்தை நிரப்பினர். அப்பொழுதும் அவர்களுக்குத் தூத்துக்குடியார்க்கு வாய்த்ததைப் போன்ற ஒரு காலியா வாய்க்கவில்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா 1973 வரை அக்கம்பெனிக்கே ஓடியது.