பிள்ளையார் இருக்கிற தெருவில் ஒரு பூட்டிக் ஹோட்டல்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டது.)



தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் இருக்கும் தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து ஒரு வெள்ளி ரதம் கிளம்பும். முருகன் தன் அண்ணனைப் பார்க்கப் போகிறார். வழியில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் நின்றுவிட்டு, சைனாடவுனுக்குள் இருக்கும் லயன் சித்தி விநாயகர் கோயிலுக்கு ரதம் வந்து சேரும். பகல் முழுக்கத் தம்பி அண்ணன்கூட இருந்துவிட்டு, சாயங்காலம் நகரத்தார் காவடிகளோடு டேங்க் ரோட்டுக்குத் திரும்பிப் போவார். அந்த நாளுக்கு அங்கே 'செட்டிப்பூசம்'னே பேர்.

சரி, ரதம் வந்து நிற்கிற அந்தத் தெரு எப்படிப்பட்ட தெரு? பேர் கியோங் சைக் ரோடு. காக்டெய்ல் பார், விலை கூடிய ரெஸ்டாரன்ட், பூட்டிக் ஹோட்டல் எல்லாம் வரிசையா இருக்கிற தெரு. 2017-ல் லோன்லி பிளானட் வெளியிட்ட 'ஆசியாவின் சிறந்த இடங்கள்' பட்டியலில் இதுக்கு 4-வது இடம். 3-வது இடத்தில் இருந்தது வட கேரளா. ஒரு பக்கம் கண்ணூர், காசர்கோடு, வயநாடு எல்லாம் சேர்ந்த ஒரு நிலப்பரப்பு; அதுக்கு அடுத்தபடியா, சில நிமிஷத்தில் நடந்து முடிச்சிடக்கூடிய ஒரே ஒரு தெரு!

இந்தத் தெரு இப்படி ஆனதில் ஒரு ஹோட்டலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பழைய தெருவில் ஸ்டைலான ஹோட்டல் கட்ட யாராவது பிளான் போட்டா, அந்தத் தெருவின் பழைய கதையில் எது மிஞ்சும், எது போகும்? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

நைட் கிளப்பில் பிறந்த ஐடியா

முதல்ல, பூட்டிக் ஹோட்டல்னா என்ன? 1984-ல் நியூயார்க்கில் மார்கன்ஸ்னு ஒரு ஹோட்டல் திறந்தாங்க. திறந்தவங்க இயன் ஷ்ரேகர், ஸ்டீவ் ரூபெல். இந்த ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி ஸ்டூடியோ 54 என்கிற பேர்போன நைட் கிளப்பை நடத்தினவங்க. வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போய்த் திரும்பி வந்து, ஹோட்டல் தொழிலில் இறங்கினாங்க. பெரிய பெரிய செயின் ஹோட்டல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்த காலம் அது. இவங்க யோசிச்சது வேற: ஒரு கிளப்புக்குள்ள நுழையும்போது வருகிற அந்த 'மூட்' ஹோட்டலிலும் வரணும்.

லண்டனில் 1978-லேயே அனூஷ்கா ஹெம்பெல் திறந்த பிளேக்ஸ் ஹோட்டலை முதல் பூட்டிக் ஹோட்டல்னு சொல்றவங்களும் உண்டு. யார் முதல் என்கிறது இருக்கட்டும். நமக்கு வேண்டிய விஷயம், பூட்டிக் ஹோட்டலும் இரவு வாழ்க்கையும் ஒண்ணோடு ஒண்ணா வளர்ந்தவை என்பது. ரூம் சின்னதா இருக்கலாம். விற்கிற சரக்கு அந்த இடத்தின் கதை.

கோயில் 1925, தெருப் பேர் 1926, கட்டடம் 1929

இப்ப கியோங் சைக் ரோட்டுக்கு வருவோம். லயன் சித்தி விநாயகர் கோயிலை நகரத்தார் கட்டியது 1925-ல். 'லயன்' என்றதும் சிங்கம்னு நினைச்சிடாதீங்க. அது 'லைன்' என்கிற சொல்லின் தமிழ் வடிவம். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த, இன்னைக்கு சிங்கப்பூர் பொது மருத்துவமனை இருக்கிற பகுதிக்கு 'சிப்பாய் லைன்ஸ்'னு பேர். அங்கே கும்பிட்டு வந்த பிள்ளையார்தான் இங்கே வந்து குடியேறினார்.

தெருவுக்கு இந்தப் பேர் வச்சது அதுக்கு அடுத்த வருஷம், 1926-ல். டான் கியோங் சைக் ஒரு சீன வணிகர்; ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் என்கிற கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதாவது, தெருவோட பேரைவிடப் பிள்ளையாருக்கு ஒரு வயசு கூட!

தெரு முழுக்கக் கடைவீடுகள். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் ஐந்தடி நடைபாதை. 1960-களில் இந்தத் தெரு ஊரறிந்த ரெட் லைட் ஏரியாவாக இருந்தது. வாசலில் கதவு எண் சிவப்பாக ஒளிர்ந்தால் அது எந்த மாதிரி வீடுன்னு எல்லாருக்கும் புரியும். ஆனா அந்தப் பெண்கள் மட்டுமே அங்கே இருந்ததா நினைக்க வேண்டாம். பணக்கார வீடுகளில் வேலை செய்த 'மாஜே' என்கிற சீனப் பெண்கள், காப்பிக் கடைக்காரர்கள், சின்ன வியாபாரிகள், பிள்ளைகுட்டிகளோட குடும்பங்கள்னு எல்லாரும் இருந்தாங்க. அப்படி அங்கே வளர்ந்த ஒருத்தர் சார்மெய்ன் லியுங். அவருடைய அம்மா அந்தத் தெருவில் பாலியல் தொழில் விடுதி நடத்தியவர். தன் சிறுவயதை அவர் '17ஏ கியோங் சைக் ரோடு' என்கிற புத்தகமாக எழுதினார். அது வெளிவந்ததும் 2017-ல்தான், லோன்லி பிளானட் பட்டியல் வந்த அதே வருஷம்.

ரெண்டு சட்டங்கள்

இந்த மாதிரி ஒரு தெரு ஹோட்டல்காரர் கண்ணில் எப்படிப் படும்? அதுக்கு ரெண்டு விஷயம் நடக்கணும். ரெண்டும் அரசாங்கத் தீர்மானங்கள்.

முதலாவது, 1989 ஜூலையில் சிங்கப்பூர் நகர மறுசீரமைப்பு ஆணையம் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உட்படப் பல பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. இனி இங்கே இடித்துவிட்டு டவர் கட்ட முடியாது. முகப்பு, மரச் சன்னல், பக்கச் சுவர் எல்லாத்தையும் பழுதுபார்த்து வச்சுக்கணும்.

ரெண்டாவது, வாடகை. போருக்குப் பிறகு 1947-ல் வந்த சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1939-ம் வருஷ அளவில் உறைய வைத்தது. குடியிருந்தவங்களுக்கு அது பெரிய காப்பு. வீட்டுக்காரர்களோ, வராத வாடகைக்கு எதுக்குச் செலவுன்னு பழுதுபார்க்காமல் விட்டாங்க. ஒரே மாடியைப் பலகை வைத்துத் தடுத்துப் பல பேர் வாழ்ந்தாங்க. அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 2001-ல் முழுசா எடுத்துட்டாங்க.

இப்ப ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. முதல் சட்டம் கட்டடத்தைக் காப்பாத்துது. ரெண்டாவது மாற்றம், உள்ளே இருந்தவங்களுக்கு இருந்த காப்பை எடுத்துடுது. சுவர் இருக்கலாம், ஆள் போகலாம். இடிக்க முடியாத, ஆனா சந்தை விலைக்கு வாடகை விடக்கூடிய அழகான பழைய கட்டடத்தை வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?

2003: ஹோட்டல் வருது

லோ லிக் பெங் ஒரு வக்கீல். 1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு சொத்து விலை இறங்கியிருந்த நேரத்தில், கியோங் சைக் ரோட்டில் ஐந்து கடைவீடுகளைச் சேர்த்து ஒரு ஹோட்டல் பிளான் போட்டார். 2003-ல் திறந்தது. 32 ரூம். கடைவீடு குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். பக்கச் சுவரைத் தொடக் கூடாது. அதனால ரூம்கள் சின்னச் சின்னதா இருந்தன. அதையே அவர் பலமாக்கினார். தான் சேர்த்து வச்சிருந்த பழைய டிசைனர் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, ஒவ்வொரு ரூமையும் வேற வேற மாதிரி செஞ்சார்.

ஹோட்டலுக்கு வச்ச பேர்தான் எனக்கு ரொம்ப சுவாரசியமான விஷயம்: 'ஹோட்டல் 1929'. கட்டடம் கட்டின வருஷம். பக்கத்து வாசல்களில் சிவப்பு எண்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தபோது, தெருவுக்குள்ளே நடந்த அந்தப் பல பத்தாண்டுகளைத் தாண்டி, ஆரம்ப வருஷத்தை மட்டும் பேர்ப் பலகை எடுத்துக்கிட்டது. அந்த இடத்தில் முன்பு விடுதி நடந்தது என்பதை யாரும் மறைக்கலை; பத்திரிகைகளும் ருசியாகவே எழுதின. ஆனா அங்கே வாழ்ந்தவங்களுடைய வாழ்க்கை, விருந்தாளி பாரில் உட்கார்ந்து சொல்லிச் சிரிக்கிற ஒரு வரியாகச் சுருங்கிப் போச்சு.

நியாயமா ஒண்ணு சொல்லணும். இந்த ஹோட்டல் வரலைன்னா எல்லாரும் அங்கேயே சந்தோஷமா இருந்திருப்பாங்கன்னு சொல்ல முடியாது. பலகைத் தடுப்புக்குள்ள வாழ்ந்த வாழ்க்கையை யாரும் ஏக்கத்தோட பாட வேண்டியதில்லை. பாழடைஞ்ச கட்டடங்கள் உயிரோட நிற்பதும் நல்லதுதான். என் கேள்வி, அந்த நன்மையில் அங்கே இருந்தவங்களுக்குப் பங்கு கிடைச்சதா என்பது.

வந்தவங்களும் போனாங்க

தெருமுனையில் 1939-லிருந்து டோங் ஆ என்கிற காப்பிக் கடை. சிவப்பு, வெள்ளை நிறத்தில் கப்பல் முகப்பு மாதிரி நிற்கும் அந்தக் கட்டடத்தைப் போட்டோவில் பார்த்திருப்பீங்க. 2013-ல் கடை எதிர்ச்சாரிக்கு மாறியது. காயா டோஸ்ட் அங்கே தொடர்ந்தது. அடுத்த வருஷம் பழைய கட்டடத்துக்குள் இந்தோனேசியாவிலிருந்து வந்த பொட்டேட்டோ ஹெட் என்கிற பார்-ரெஸ்டாரன்ட் வந்தது. கட்டடத்தின் நெற்றியில் டோங் ஆ பேர் அப்படியே இருந்தது. பேர் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம்.

இந்த அலை, அதைக் கிளப்பினவங்களையும் விடலை. அதே லோ லிக் பெங் 2006-ல் பக்கத்து புக்கிட் பாசோ ரோட்டில் திறந்த நியூ மெஜஸ்டிக் ஹோட்டல் 2017-ல் மூடப்பட்டு, அந்த இடம் உறுப்பினர் மட்டும் நுழையக்கூடிய தனியார் கிளப்பாக மாறியது.

பிள்ளையார் எப்படித் தப்பிச்சார்?

இத்தனைக்கும் நடுவில் கோயில் அங்கேயே இருக்கு. வெறும் பக்தின்னு சொல்லி முடிச்சிட முடியாது. நகரத்தாருக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கிகள் இருந்தன. தரையில் வரிசையாகப் பெட்டிகளை வைத்து வட்டிக்குக் கொடுத்து வாங்கிய, அங்கேயே தங்கிய நீண்ட கூடங்கள். 1970-களில் அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. கிட்டங்கிகள் போய் அங்கே அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. பழைய பகுதிகளை மொத்தமாகக் காக்கும் 1989 அறிவிப்பு அப்போ வந்திருக்கலை.

கோயிலுக்கு மூணு விஷயம் கைகொடுத்தது. அதைத் தாங்க ஒரு சமூக அமைப்பு இருந்தது. வாடகை ஏறிட்டா காலி பண்ணுங்கன்னு சொல்ல ஆள் இல்லை. அலை வந்தபோது பாதுகாப்புச் சட்டம் இருந்தது. மூணாவது, வருஷா வருஷம் ரதம் வந்தாகணும். அந்த இடத்துக்கு வேலை இருந்துகிட்டே இருந்தது. காப்பிக் கடைக்கோ, மாஜேக்களுக்கோ, சிவப்பு எண் வீட்டுப் பெண்களுக்கோ இந்த மூணும் சேர்ந்து கிடைக்கலை.

உங்க ஊரிலும் ஒரு பழைய தெருவில் 'ஹெரிடேஜ் பூட்டிக் ஹோட்டல் வருது'ன்னு ஒருநாள் போர்டு நிற்கும். போய்ப் பாருங்க, அழகா இருந்தா ரசிங்க, ஒரு காப்பி கூடக் குடிங்க. கூடவே ரெண்டு கேள்வி கேளுங்க. பேர்ப் பலகையில் எந்த வருஷம் போட்டிருக்கு? அந்த வருஷத்துக்கும் இன்னைக்கும் நடுவில் அங்கே யார் இருந்தாங்க?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.