வயலிற் பிறந்த பரிசோதனைக் கலை



சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலைத் தோட்டத்தில் இரண்டு பாத்திகளில் மிளகாய் நட்டோம். ஒன்றுக்குக் கூட்டெரு இட்டோம், மற்றதற்கு இடவில்லை. எரு இட்ட பாத்தி செழித்தது. அதன் மகிமையைக் காலைக் கூட்டத்தில் நானே எடுத்துரைத்தேன். பல்கலைக்கழகத்திற் சூழலியல் பயின்று, விடுமுறைக்கு ஊர் வந்திருந்த பழைய மாணவியொருத்தி பாத்திகளைப் பார்த்துவிட்டு, "சேர், எரு இட்ட பாத்தி கிணற்றடியில் அல்லவா இருக்கிறது?" என்றாள். கலைப் பட்டதாரியாகிய எனக்கு, அந்தச் சிறு வினாவின் பின்னால் நீண்டதொரு வரலாறு இருப்பது அன்று தெரியாது.

அவ்வரலாற்றின் பெரும்பகுதி இங்கிலாந்தில், ஹார்ப்பெண்டன் என்னும் ஊரை அடுத்த ரொதம்ஸ்ரெட் பண்ணையில் நிகழ்ந்தது. உரம் செய்து விற்ற யோன் பெனற் லோஸ் என்னும் நிலவுடைமையாளரும், கில்பேட் என்னும் இரசாயன அறிஞரும் 1843 இல் அங்கு பயிர்ப் பரிசோதனைகளைத் தொடங்கினர். 1856 இல் பழைய புல்வெளியொன்றைத் துண்டுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் வெவ்வேறு உரம் இட்டனர். சில துண்டுகளுக்கு எதுவும் இடவில்லை. அவர்கள் அறிய விரும்பியது எந்த உரத்தால் எவ்வளவு உலர்புல் கிடைக்கும் என்பதே.

ஆனால், விளைச்சல் மாறியதோடு புல்வெளியின் குடிமக்களும் மாறினர். உரம் இடாத துண்டுகளில் நாற்பதளவான தாவர இனங்கள் நெருங்கி வாழ்ந்தன. அமோனியம் சல்பேற்று மட்டும் தொடர்ந்து இட்ட இடங்களில் மண் புளித்து அமிலமாகி, இரண்டு மூன்று புல்லினங்களே எஞ்சின. நைதரசன் இல்லாது பொஸ்பேற்றும் பொற்றாசியமும் பெற்ற துண்டுகளிலோ, காற்றிலுள்ள நைதரசனைத் தம் வேர்முடிச்சுகளின் துணையாற் பெறவல்ல அவரையினச் செடிகள் ஓங்கின. இச்செடியின் பெயர் யாது என்று கேட்பதோடு நில்லாமல், இது என்ன செய்கிறது, எத்துணை உயரம் வளர்ந்து அயற்செடிக்கு நிழலிடுகிறது, வேர் எவ்வளவு ஆழம் செல்கிறது என்று வினவும் துறையே தொழிற்பாட்டுச் சூழலியல். அத்துறைக்குப் பெயர் வருமுன்பே அதன் பாடம் அப்புல்வெளியில் எழுதப்பட்டுவிட்டது. இன்றும் அப்பரிசோதனை தொடர்கின்றது.

எனினும், எங்கள் கிணற்றடிக் குறை அங்கும் இருந்தது. பெரும்பாலும் ஓர் உரத்திற்கு ஒரே துண்டுதான். நூறாண்டுக் காலத்தில் தோன்றிய பெரும் வேறுபாட்டை யாரும் ஐயுறார். சிறிய வேறுபாடாயின், அது உரத்தால் வந்ததா, நிலத்தின் இயல்பால் வந்ததா என்று எவ்வாறு பிரித்தறிவது?

1919 இல், குவிந்து கிடந்த பதிவேடுகளை ஆராயவென்று ரொதம்ஸ்ரெட்டில் அமர்த்தப்பட்ட கணித அறிஞர் றொனல்ட் பிஷர் இதற்கு விடை கண்டார். ஒரே உரத்தைப் பல துண்டுகளுக்கு இடவேண்டும். ஒத்த இயல்புடைய நிலங்களை ஒரு தொகுதியாக்க வேண்டும். தொகுதிக்குள் எத்துண்டுக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுப் போட்டே தீர்மானிக்க வேண்டும். 1935 இல் வெளிவந்த அவருடைய நூல் இம்முறையை எங்கும் பரப்பியது. எல்லோரும் உடன்பட்டார்கள் என்று எண்ணவேண்டாம். மதுவடிசாலையொன்றிற் பணியாற்றிய புள்ளிவிபர அறிஞர் கொசெற், மேட்டையும் பள்ளத்தையும் சமமாகப் பங்கிட்டு நாமே ஒழுங்குசெய்வது மேல் என்று வாதிட்டார். 1937 இல் அவர் இறக்கும்வரை வழக்குத் தீரவில்லை. என் சார்பு பிஷர் பக்கமே. எருவை நம்பியவன் எந்தப் பாத்தியைத் தெரிவான் என்பதை நான் அனுபவத்தால் அறிவேன்.

பிஷருடன் சேர்ந்து ஓட்ஸ், உருளைக்கிழங்குப் பயிர்களை ஆராய்ந்த ஈடன் என்பவர் பின்னர் நமது நாட்டுத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார் என்பதை நம்மிற் பலர் அறியார். தேயிலை எளிய பயிரன்று. சரிவான நிலம், விதையிலிருந்து முளைத்த செடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு தன்மையது, கொழுந்தோ ஆண்டு முழுதும் பறிக்கப்படுவது. இத்தகைய தோட்டத்திற் பரிசோதனைப் பிழையை எவ்வாறு அளந்து குறைப்பது என்பதை அவர் 1931 இல் கட்டுரையாக வெளியிட்டார். ரொதம்ஸ்ரெட் வயலிற் பிறந்த முறை நம் மலைநாட்டிற் கால்வைத்த வரலாறு இது.

சூழலியலறிஞர் இப்பாடத்தை முழுதும் கற்கப் பல காலம் சென்றது. ஒரே குளத்திற் பத்து முறை அளந்துவிட்டுப் பத்துக் குளங்களை ஆராய்ந்ததாகக் கணக்கிடும் பிழையை, 1984 இல் ஹேர்ல்பர்ட் என்பவர் ஆய்வேடு ஆய்வேடாக எடுத்துக் காட்டினார். பத்தாண்டின் பின், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரில்மன் என்பவரின் குழு 168 துண்டுகளில் ஒன்று முதல் பதினாறு வரையான தாவர இனங்களை விதைத்தது. எந்த இனம் எந்தத் துண்டுக்கு என்பதும் எழுமாறாகவே தெரியப்பட்டது. இனங்கள் பெருக விளைச்சலும் பெருகிற்று. அப்பொழுதும் வினா எழுந்தது: பல இனங்களை இட்டால் அவற்றுள் வலிய இனமொன்று அகப்படும் வாய்ப்பும் கூடுமன்றோ? தனித்து விதைத்த மிகச் சிறந்த இனத்தோடும் ஒப்பிட்டே அதற்கு விடைதேட நேர்ந்தது.

மறு போகத்தில் நாங்கள் பன்னிரண்டு பாத்திகள் அமைத்தோம். ஆறாம் வகுப்புச் சிறுவனொருவன் பழைய பிஸ்கட் தகரத்திலிருந்து சீட்டெடுத்தான். எருவிட்ட பாத்திகளே இம்முறையும் முந்தின. ஆனால் முன்பு கண்ட வேறுபாட்டிற் பாதியும் இல்லை. அதையும் காலைக் கூட்டத்தில் நானே சொன்னேன்.