மண்ணெண்ணெய் குடித்த உழவு மெசின்கள்

வன்னி வரலாறு எண்டால் எங்கட தலைமுறைக்குச் சண்டைகளின் பெயர்களும் திகதிகளும்தான் நினைவில் வரும். உழவு மெசினின் டீசல் பம்பைப் பற்றி நாங்கள் பேசுவது குறைவு.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, உரம் எல்லாம் நின்றன. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து வந்தது. 1996இல் கிளிநொச்சி இராணுவத்திடம் போனபோதும், 1998இல் புலிகளிடம் திரும்பியபோதும் தடை அப்படியே. ஆனால் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் இருந்தது. காலபோகத்துக்கு உழவேணும், சூடடிக்கவேணும், நெல் ஏற்றவேணும்.

மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையை எல்லோரும் கேட்டிருப்போம். டீசல் எஞ்சின் வேற மாதிரி. அதில் பிளக் இல்லை. பிஸ்டன் நெரித்துச் சூடாக்கிய காற்றுக்குள் எரிபொருள் தூறலாய்ப் பாயவேணும். எவ்வளவு, எப்போது என்பதைப் பம்ப்தான் தீர்மானிக்கும். பம்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான் இடைவெளி. அதை வழுக்க வைப்பதும் உள்ளே ஓடுகிற டீசலே. மசி பேகசன் 135இன் சி.ஏ.வி. சுழல் பம்பில் எல்லா உறுப்புக்கும் டீசல்தான் ஒயில்.

மண்ணெண்ணெய் நீர்த்தது, வழுக்காது. பிளஞ்சர் தேயும், கசியும், அழுத்தம் விழும். சூடான எஞ்சினை நிப்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் வராது. அதனால எங்கட ஆக்கள் எஞ்சின் ஒயிலோ தேங்காய் எண்ணெயோ கலந்தார்கள். இது கண்மூடித்தனமில்லை: 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. எண்ணெய் கூடினால் இன்ஜெக்டரில் கரி பிடிக்கும், குறைந்தால் பம்ப் தேயும்.

இழுவை குறைந்தால் பம்பின் அளவைக் கூட்ட ஆசை வரும். மிஞ்சிக் கூட்டினால் கறுப்புப் புகை, கடும் சூடு. முறைப்படி என்றால் பம்பைக் கழற்றிச் சோதனை மேசையில் சுழற்றி, ஒவ்வொரு குழாயும் தருகிற எண்ணெயைக் கண்ணாடிக் குழாய்களில் அளக்கவேணும். மின்சாரமே இல்லாத வன்னியில் சின்னக் கராச்சுகளுக்கு மிஞ்சியது காதும் புகையின் நிறமும்தான். இதையும் பொறியியல் வரலாறாகத்தான் எழுதவேணும் என்பது எங்கள் வாதம்.

2002இல் தடை தளர்ந்தது, ஏ9 திறந்தது, டீசல் வந்தது. ஆனால் தேய்ந்த பிளஞ்சரை டீசல் சரியாக்காது. பிளஞ்சரும் உறையும் சோடியாக உரசிச் செய்யப்பட்டவை. மாற்றினால் ரெண்டையும் சேர்த்துத்தான் மாற்றவேணும்.