மெய் என்று நம்பியோர் தேடிய சொல்: தமிழ் வேதாகம வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் சீயோன் என்னும் பெயருடைய லுத்தரன் ஆலயம் ஒன்று உண்டு. வேலை தேடிக் கடல் கடந்து வந்த தமிழர் தம்மோடு கொண்டுவந்த வழிபாட்டு மரபு அங்கே தொடர்ந்து வருகிறது. அம்மரபின் பழைய ஞானப்பாட்டுகளில் இறைவனைக் குறிக்கப் 'பராபரன்' என்னும் சொல் வரும். வேதபாடம் வாசிக்கும்போதோ 'தேவன்' என்னும் சொல்லே ஒலிக்கும். கத்தோலிக்க ஆலயம் ஒன்றினுள் நுழைந்தால் அங்கே 'கடவுள்' என்று வாசிக்கக் கேட்கலாம். நூல் ஒன்று, மொழியும் ஒன்று, ஆயினும் அந்நூலின் தலையாய சொல் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

இவ்வேறுபாட்டை மொழிநடை பற்றிய விருப்பு வெறுப்பு என்றோ, வடசொல் தமிழ்ச்சொல் வழக்கு என்றோ கூறி முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். அவ்விளக்கத்தில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. ஒரு நூலின் ஒவ்வொரு சொல்லும் மெய் என்று முழு மனத்தோடு நம்புகின்றவன் அதனைத் தன் மொழியில் எழுத முற்படும்போது அவன் கை நடுங்கும். அந்த நடுக்கமே தமிழ் வேதாகமத்தின் வரலாறு என்பது என் கருத்து. வேதத்தைத் திருத்தவேண்டும் என்றோரும் திருத்தலாகாது என்றோரும் அதே நடுக்கத்தினின்றே பேசினர்.

1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள், டென்மார்க் அரசன் நான்காம் பிரடெரிக்கு அனுப்பிய இரு செருமானிய இளைஞர் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். அவருள் ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மறுநாள்தான் அவருக்கு 24 அகவை நிறைந்தது. செருமனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் ஊறியவர் அவர். ஒவ்வொரு மனிதனும் வேதத்தைத் தன் தாய்மொழியில் தானே படித்துணர வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் உயிர்க்கொள்கை. ஏழைகளும் வாங்கும் விலையில் வேதத்தை அச்சிட்டு வழங்க 1710இல் ஹாலேயில் ஒரு நிறுவனமே தோன்றியது. அங்கிருந்து வந்தவருக்குத் தமிழ் கற்பது கடமை என்பதினும் வழிபாடு போன்றதாகவே இருந்திருக்கும். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகினார். அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளரையும் முதிய தமிழாசிரியர் ஒருவரையும் துணையாகக் கொண்டார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் 1708இலேயே செருமானியத்தில் பெயர்த்தார். அவ்வாண்டு அக்டோபரில் புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தைத் தொடங்கினார். அடுத்த மாதமே தரங்கம்பாடிக் கோட்டைத் தலைவரின் ஆணையால் சிறைப்பட்டு நான்கு மாதங்கள் கழித்தார். 1711இல் தமிழாக்கம் நிறைவேறியது, 1714-15இல் அச்சேறியது. இந்திய மொழிகளுள் முதன்முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு அதுவே. ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியனவாய் இருந்தமையால் தாள் போதவில்லை. பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர் என்பர்.

சீகன்பால்கு இறைவனுக்குக் கொண்ட சொல் 'சருவேசுரன்'. அது அவருடைய ஆக்கமன்று. அவருக்கு முன்னிருந்த கத்தோலிக்கத் துறவியர் வழங்கிய சொல். மக்களுக்குப் பழகிய சொல்லை எடுத்தாண்டார்; அவசரமும் இருந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்து ஆகமம் வரை பெயர்த்த நிலையில் 1719இல், 36ஆம் அகவையில் மறைந்தார். அவர் விட்டதைச் சூல்ட்சு என்பார் முடித்து 1728க்குள் அச்சிட்டார். அத்தமிழ் செம்மையுடையதன்று. காவிய நடையில் வல்லவரான வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரின் தமிழைக் கடுமையாக எள்ளினார். சமயப் பகையை நீக்கிப் பார்த்தாலும் அவ்வெள்ளலில் நியாயம் இல்லாமலில்லை.

அக்குறையை நீக்கத் தம் வாழ்நாளையே கொடுத்தவர் யோகான் பிலிப்பு பப்ரிசியசு. 1711இல் பிறந்தவர், சட்டம் பயின்று, பின்னர் ஹாலேயில் இறையியல் கற்றவர். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742 முதல் சென்னையில் பணியாற்றினார். மணம் செய்துகொள்ளவில்லை, தாயகத்துக்குத் திரும்பவும் இல்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது பழவேற்காட்டுக்குப் பெயர நேர்ந்தது. போர் வந்தபோதும் ஓய்ந்தபோதும் அவர் கையில் இருந்தது ஒரே வேலை. எபிரேய, கிரேக்க மூலங்களுக்குள் அவர் முழந்தாளிட்டு ஊர்ந்து சென்றார், ஒரு பாவியாகவும் இரவலனாகவும் ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று அவரைப்பற்றிக் கூறுவது மரபு. மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு இதனினும் பொருத்தமான உருவகம் கிடைப்பது அரிது. மூலத்துக்கு மேல் நின்று அதனை ஆள்பவராக அவர் தம்மை எண்ணவில்லை. அதன் கீழ் நிற்பவராகவே எண்ணினார். எழுதியதைத் தமிழ் அறிந்தோர் முன் படித்துக் காட்டி, அவர்கள் தயங்கிய இடங்களை மீண்டும் எழுதினார். புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாட்டுக்கு மேலும் பல்லாண்டுகள் பிடித்தன.

அவர் 'சருவேசுரன்' என்பதை விடுத்துப் 'பராபரன்' என்பதைத் தேர்ந்தார். மேலானவற்றுக்கும் மேலானவன் என்னும் பொருள் தரும் சொல் அது. குறிப்பிட்ட ஒரு தெய்வத்தின் பெயராகவும் அன்று அது நிலைபெற்றிருக்கவில்லை. சித்தரும் தாயுமானவரும் ஆண்ட சொல்லாதலால் தமிழ் நெஞ்சுக்கு அயலானதும் அன்று. 1779இல் அவர் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதி இத்தேடலின் உடன்விளைவு என்றே கொள்ளத்தகும். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தவரிடம் அகராதி தானே சேர்ந்துவிடும். புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1761இல் அங்கிருந்து கொண்டுவந்த அச்சுப்பொறியே வேப்பேரியில் அவருக்கு வாய்த்தது.

இத்தகையவர் தம் இறுதிக் காலத்தில் கடனுக்காகச் சிறை புகுந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் பணத்தை நம்பிக் கடன் கொடுத்து, அது திரும்பாமற்போயிற்று. சொல்லில் அத்துணை எச்சரிக்கை காட்டியவர் மனிதரிடம் அது காட்டவில்லை. 1791 சனவரியில் சென்னையில் மறைந்தார்.

அவருக்குப் பின் இரு தலைமுறைகள் அவருடைய வேதத்தைப் படித்தன, மனப்பாடம் செய்தன, மரணப் படுக்கையில் கேட்டன. இங்கேதான் வரலாறு சிக்கலாகிறது. 1814இல் சென்னைக்கு வந்து, 1820இல் பாளையங்கோட்டையில் பணி தொடங்கிய இரேனியுசு என்னும் செருமானியர், திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் பயின்றவர். பின்னாளில் இலக்கண நூலும் எழுதியவர். பப்ரிசியசின் தமிழ் மூலத்தின் சொல்லமைப்பை ஒட்டிச் சென்று தமிழின் இயல்பை நெருக்குகிறது என்று அவர் கண்டார். மெய்யான செய்தி தெளிவாகப் புரியாவிடில் அது மக்களுக்கு மெய்யாவது எங்ஙனம்? சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதினும் பொருளைத் தமிழ்நடையில் தருவதே நேர்மை என்று வாதித்து, வேதமொழிபெயர்ப்பு நெறிகள் பற்றித் தனிக் கட்டுரையும் வரைந்தார்.

இதனை எதிர்த்தவருள் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த இவர் சுவார்ட்சு ஐயரின் மாணாக்கர். சரபோசி மன்னரோடு பழகியவர். கிறித்தவக் கீர்த்தனை மரபின் தலைமகன். பப்ரிசியசின் வேதத்தைத் திருத்துவது தம்மவர்க்கு இழைக்கப்படும் கொடுமை என்று அவர் எழுதினார். அவருடைய முறையீடுகளின் உட்கிடையை இவ்வாறு விளக்கலாம்: வேதம் மாறாத மெய் என்று நீங்களே கற்பித்தீர்கள், அதனை நாங்கள் நம்பினோம், எங்கள் பெற்றோர் இந்தச் சொற்களைப் பற்றிக்கொண்டே உயிர் துறந்தனர், இப்போது அச்சொற்கள் தவறு என்கிறீர்கள், அவ்வாறாயின் அவர்கள் நம்பியது என்ன? புதிதாக வருவது நாளை தவறாகாது என்பதற்கு உறுதி என்ன?

இக்கேள்வியைப் பழைமைப்பற்று என்று ஒதுக்கியோர் அக்காலத்தும் இருந்தனர், இக்காலத்தும் உளர். சாஸ்திரியாரின் முறையீடுகளில் ஆலயத்தினுள் சாதி வேறுபாட்டை நீக்கியதற்கான எதிர்ப்பும் கலந்திருந்தது. அதனை மறைத்து அவரைப் போற்றுவது முறையன்று; அவ்வெதிர்ப்பில் இரேனியுசு போன்றோர் பக்கமே நியாயம் இருந்தது. ஆயினும் சொல்லைப் பற்றிய அவருடைய கேள்வி அதனால் வலிவிழந்துவிடவில்லை. இரேனியுசுக்கு வேதம் என்பது எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இருந்தது. தமிழ் அதற்கு ஒரு வாயில். சாஸ்திரியாருக்கோ வேதம் தமிழிலேயே வந்தது. வாயில் என்று பிறர் கருதியதே அவருக்கு வீடாக இருந்தது. ஐரோப்பியர் கொணர்ந்த நூலொன்றைத் தமிழர் ஒருவர் தம் உடைமையாக உரிமை கொண்டாடி, கொணர்ந்தவர் மரபினரிடமிருந்தே காக்க முனைந்தார் என்பது நம் மொழி வரலாற்றில் இன்னும் போதிய அளவு பேசப்படாத செய்தி.

அடுத்த காட்சி யாழ்ப்பாணத்தில். வெஸ்லியன் சபையைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் என்பார் தம் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய நல்லூர் ஆறுமுகநாவலரைத் துணைக்கொண்டு புதியதொரு தமிழாக்கம் செய்தார். நாவலர் சைவர், சைவராகவே இருந்தார், அதற்குப் பெர்சிவல் தடை சொல்லவில்லை. தாம் மெய் என்று நம்பிய நூலுக்கு, அதனை அவ்வாறு நம்பாத ஒருவரின் தமிழைப் பெர்சிவல் நாடியது வியப்புக்குரியது. சொல் பிழையற இருக்கவேண்டும் என்னும் கவலை, சொல்பவன் யார் என்னும் கவலையை வென்றது. நாவலரின் பக்கம் நின்றால் வேறொன்று தெரியும். தம் சமயம் அல்லாத நூலொன்றை வரிவரியாக ஆய்ந்து, அதற்கு உரிய தமிழை வஞ்சனையின்றி வழங்கினார். 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணையில் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். 1848இல் அங்குச் சைவப் பள்ளியையும் நிறுவினார். பின்னாளில் கிறித்தவத்தை எதிர்த்து அவர் எழுதியவற்றில் காணும் வேத அறிவு அம்மொழிபெயர்ப்பு மேசையில் பெற்றதேயாகும்.

அவ்வேதாகமம் 1850இல் வெளிவந்தது. இறைவனுக்கு அது கொண்ட சொல் 'தேவன்'. தமிழகத்துச் சபைகள் அதனை முழுமையாக ஏற்கவில்லை. எனவே, எல்லாச் சபைகளுக்கும் பொதுவான வேதம் ஒன்று வேண்டும் என்று ஹென்றி பவர் தலைமையில் குழுவொன்று அமைந்தது. கால்டுவெல்லும் அதில் இருந்தார். பப்ரிசியசின் தமிழை அடிப்படையாகக் கொண்டு, பின்வந்த திருத்தங்களுள் நல்லனவற்றைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. தலையாய சொல்லில் மட்டும் பப்ரிசியசு தோற்றார், 'தேவன்' நிலைத்தது. 1871இல் முழு வேதமும் வெளிவந்தது. லுத்தரன் சபையார் நெடுங்காலம் அதனை ஏற்காது பப்ரிசியசையே பற்றி நின்றனர். சாஸ்திரியாரின் கேள்வியே வேறு வாய்களில் மீண்டும் எழுந்தது.

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தமிழ்க் கிறித்தவர் பெருமளவில் வந்த காலம் இதனை ஒட்டியது. சிங்கப்பூரில் மெதடிஸ்டு சபையின் பணி தொடங்கியது 1885இல். யாழ்ப்பாணத்தார் அலுவலகங்களுக்கும் ரயில்வேக்கும் வந்தனர். தமிழகத்தார் தோட்டங்களுக்கு வந்தனர். அவர்கள் மூட்டையில் இருந்த நூல்களுள் வேதாகமமும் ஞானப்பாட்டும் இருந்தன. தமிழ்நூல் கிடைப்பது அரிதான இடங்களில் எழுத்தறிவைக் காத்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு. 'கிருபை', 'இரட்சிப்பு', 'விசுவாசம்', 'பரிசுத்தம்' என்னும் சொற்கள் நாட்டின் பிற தமிழர் பேச்சில் அருகிய பின்னரும் வழிபாட்டில் நிலைத்துள்ளன.

இருபதாம் நூற்றாண்டில் லார்சன் என்னும் டேனியர் முதன்மையாக நின்று செய்த திருத்தம் 'கடவுள்' என்னும் சொல்லைக் கொண்டது. மக்கள் அதனைப் பெரிதும் தழுவவில்லை. 1995இல் கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். அதிலும் 'கடவுள்'; 'இரட்சிப்பு' சென்று 'மீட்பு' வந்தது. இன்றைய இளைஞருக்கு எளிதில் விளங்கும் தமிழ் அது. ஆயினும் சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் 1871இன் தமிழே இன்றும் படிக்கப்படுகிறது. அதனைத் திருத்துவோம் என்று எவரேனும் சொன்னால், சாஸ்திரியார் அன்று எதனைக் காக்க எழுந்தாரோ அதே உணர்வோடு எழுவோர் உளர். அவர்கள் காப்பது பப்ரிசியசின் 'பராபரன்' அன்று. அதனை அகற்றி வந்த 'தேவன்'.

எபிரேயத்தில் 'எமெத்' என்னும் சொல் உண்மையையும் குறிக்கும், அசையாத உறுதியையும் குறிக்கும். 'ஆமென்' அதே வேரினின்று பிறந்தது. சீகன்பால்கின் காலத்திலிருந்து இத்தனை பேர் சொல்லுக்குச் சொல் வழக்காடியும், அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகத் தமிழ்ச்சொல் ஒன்றை வழிபாட்டில் நிலைநிறுத்த எவரும் முற்படவில்லை. செபம் முடிகையில் 'பராபரன்' என்றோரும் 'தேவன்' என்றோரும் 'கடவுள்' என்போரும் அச்சொல்லையே சொல்லி எழுகின்றனர்.