அபாய அழைப்பின் மொழி



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள், சரித்திர பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மூழ்கும் கப்பலில் உள்ளவர்கள் 'மேடே, மேடே' என்று அழைக்கிறார்களே, அது மே மாதம் முதலாந் திகதித் தொழிலாளர் தினத்தையா குறிக்கிறது?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. ஆயினும் அது நகைப்புக்குரிய வினாவன்று. அச்சொல்லை எழுத்திற் கண்டால் ஆங்கிலம். காதாற் கேட்டால் பிரெஞ்சு. ஒரு மொழியின் ஒலி மற்றொரு மொழியின் உடையை அணிந்து நிற்கும் விந்தையை அதில் நாம் காண்கிறோம். அவ்விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

செய்தித் தொடர்புத் துறையிலே பிரெஞ்சு மொழி பெற்ற முதன்மை கம்பியில்லாத் தந்திக்கும் முந்தியது. 1865 ஆம் ஆண்டிலே இருபது அரசுகள் பாரிஸ் மாநகரிற் கூடிச் சர்வதேசத் தந்திச் சங்கத்தை நிறுவின. அக்காலத்தில் அரசுகளுக்கிடையே வழங்கிய மொழி பிரெஞ்சேயாதலால், சங்கத்தின் உடன்படிக்கையும் அம்மொழியிலேயே எழுதப்பட்டது. பிரித்தானியாவிலே தந்தி அப்பொழுது தனியார் கைகளில் இருந்தமையால், அந்நாடு அம்மகாநாட்டில் இடம்பெறவில்லை. பின்னர் அது சங்கத்திற் சேர்ந்தபோது, அதன் உத்தியோகத்தர் பிரெஞ்சு விதிகளை ஆங்கிலத்திற் பெயர்த்தறிய வேண்டியவராயினர்.

முதலில் அப்பணி எளிதாகவே இருந்தது. பிரெஞ்சுக்காரர் 'சான் பில்' என்றதை ஆங்கிலேயர் 'வயர்லெஸ்' என்றனர். இரண்டுக்கும் 'கம்பியின்றி' என்பதே பொருள். நாம் வழங்கிய 'கம்பியில்லாத் தந்தி' என்ற தொடரும் அதே பொருளைத் தாங்கியது. பொருளை அறிந்தவன் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். அதனால் எவருக்கும் தீங்கில்லை.

ஆனால், உயிராபத்திலே விடுக்கும் அழைப்பு அத்தகையதன்று. அது எம்மொழி பேசுவோனுக்கும் அக்கணமே விளங்குதல் வேண்டும். 1906 ஆம் ஆண்டு பெர்லின் நகரிலே கூடிய மகாநாடு இதற்கு ஒரு வழி கண்டது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மீண்டும் மூன்று புள்ளி என்னும் மோர்ஸ் குறியே அது. அதனை நாம் எஸ்.ஓ.எஸ். என்று எழுத்துகளாக வாசிக்கிறோம். அவ்வெழுத்துகள் எந்த மொழியின் எந்தச் சொல்லுக்கும் சுருக்கமல்ல. 1912 ஆம் ஆண்டு ஏப்ரிலில் 'டைட்டானிக்' கப்பல் பனிமலையில் மோதியபோது, மார்க்கோனிக் கம்பனியாரின் பழைய குறியாகிய சி.கியூ.டி.யோடு இப்புதிய குறியும் அதிலிருந்து அனுப்பப்பட்டது. மொழியே இல்லாத குறிக்கு மொழிபெயர்ப்பும் வேண்டியதில்லை.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் நிலைமை மாறியது. விமானிகள் தந்திக் குறிகளை விடுத்து, வானலை வழியே வாயாற் பேசத் தொடங்கினர். 1920களில் இலண்டனுக்கு அண்மையிலுள்ள குரொய்டன் விமான நிலையத்துக்கும் பாரிஸ் நகரின் லெ பூர்ஜே விமான நிலையத்துக்கும் இடையே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து விமானங்கள் ஓயாது சென்றுவந்தன. கால்வாயின் ஒரு கரையில் ஆங்கிலம், மறு கரையில் பிரெஞ்சு. நடுவே ஒரு விமானத்தின் எஞ்சின் நின்றுவிட்டால், அதன் விமானி எதைச் சொல்லிக் கூவுவான்? எஸ்.ஓ.எஸ். என்று வாயாற் சொன்னால், அக்காலத்துக் கருவிகளின் இரைச்சலிலே 'எஸ்' என்னும் எழுத்து 'எவ்' என்பதுபோலக் கேட்கும். 'உதவி' எனப் பொருள்படும் சாதாரணச் சொல்லோ அன்றாட உரையாடலிலும் வருவது. அதைக் கேட்டவர் அபாயம் என்று உணராதிருக்கவுங் கூடும்.

இச்சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பு குரொய்டன் நிலையத்து வானொலி அதிகாரி பிரெடரிக் ஸ்ரான்லி மொக்போட் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தெரிந்தெடுத்த சொல் 'மேடே'. பிரெஞ்சு மொழியிலே 'மெடே' என ஒலிக்கும் தொடருக்கு 'எனக்கு உதவ' என்பது பொருள். 'எனக்கு உதவ வாருங்கள்' என்ற வாக்கியத்தின் பிற்பகுதி அது. தனியே நின்று அது பிரெஞ்சு இலக்கணப்படி நிறைவான வேண்டுகோளாகாது. எனினும், பிரெஞ்சுக்காரன் அதன் கருத்தைக் கேட்டவுடன் உணர்வான். ஆங்கிலேயனுக்கோ அது நன்கு பழகிய இரண்டு சிறு சொற்களின் சேர்க்கை, நாத்தடுமாறாமற் சொல்லலாம். மூன்று முறை அடுக்கிச் சொன்னால், பிற பேச்சோடு மயங்கவும் இடமில்லை.

1927 ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரிலே கூடிய சர்வதேசக் கம்பியில்லாத் தந்தி மகாநாடு அச்சொல்லைப் பேச்சு வழியான அபாய அழைப்பாக ஏற்றுக்கொண்டது. ஓர் ஆங்கிலேயர் பிரெஞ்சுச் சொல்லைத் தேர்ந்தார். பிரெஞ்சு மொழியிலமைந்த விதியோ அதனை ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே பொறித்து, 'இது இன்ன பிரெஞ்சுத் தொடரின் உச்சரிப்புக்கு ஒப்பானது' என்று விளக்கமுந் தந்தது. இரு மொழியாரும் தத்தம் பெருமையை விட்டுக்கொடுத்தாலன்றி இது நிகழ்ந்திராது.

அதே வழியில் வேறு சொற்களும் வந்தன. உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, ஆயினும் நிலைமை அவசரமானது என்பதை அறிவிக்கும் 'பான் பான்' என்ற அழைப்பு, பழுது எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. மிதக்கும் இடர்கள், புயல் முதலியவற்றைப் பற்றிய எச்சரிக்கைக்கு முன்னே 'செகியூரிதே' என்று கூறுவர். இங்கே மொழிபெயர்ப்பாளர் விழிப்போடிருக்க வேண்டியிருந்தது. அதனோடு உருவொத்த ஆங்கிலச் சொல் பகைவரிடமிருந்தும் திருடரிடமிருந்தும் காக்கும் காவலையே பெரிதும் குறிக்கும். ஆகவே ஆங்கில விதிநூலிலே அவ்வுருவத்தை விட்டு, விபத்தின்மையைக் குறிக்கும் 'சேவ்ற்றி' என்ற சொல்லை எழுதினர். ஆயினும், வாயாற் சொல்லும்போது பிரெஞ்சு ஒலியே நிலைத்தது. ஏட்டிலே பொருள் பெயர்ந்தது. வானலையிலே ஒலி பெயரவில்லை.

அபாய அழைப்பு நடைபெறும்போது ஏனையோரை வாய்மூடச் செய்யும் கட்டளையும் அவ்வாறே. ஆங்கிலேயர் 'சைலன்ஸ்' என்று வாசிக்கும் எழுத்துகளைப் பிரெஞ்சுக்காரர் 'சீலோன்ஸ்' என்று ஒலிப்பர். இலங்கையராகிய நம் செவிக்கு அது நமது நாட்டின் பழைய ஆங்கிலப் பெயரை நினைவூட்டும். ஆங்கில மாலுமிகள் பிறழ்ந்து வாசியாதிருக்க, விதிநூலார் அப்பிரெஞ்சு ஒலியையே ஆங்கில எழுத்துகளிற் கூட்டி எழுதிவைத்தனர். அபாயம் நீங்கியதும் 'சீலோன்ஸ் பீனீ' என்பர். 'மௌனம் முடிந்தது' என்பது அதன் பொருள்.

மூன்றாவதொரு வழியும் உண்டு. 1904 ஆம் ஆண்டிலே எடுவார் எஸ்தோனியே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர், தொலைவு என்னும் கிரேக்கச் சொல்லையும் தொடர்பு என்னும் இலத்தீன் வழிச் சொல்லையும் இணைத்து, 'தெலிகொம்யூனிகாசியோன்' என்ற புதுச் சொல்லை ஆக்கினார். அவர் நாவலாசிரியராகவும் விளங்கியவர். 1932 ஆம் ஆண்டு மட்ரிட் மகாநாட்டிலே, தந்தியும் தொலைபேசியும் வானொலியும் ஒரே சங்கத்தின்கீழ் வந்தபோது, அச்சொல்லே அதன் பெயரில் ஏறியது. ஆங்கிலேயர் அதனைப் பெயர்க்க முயலாது, சிறிது திரித்துத் தமதாக்கிக்கொண்டனர். அச்சங்கம் இன்று ஆறு மொழிகளில் இயங்குகிறது. எனினும், அதன் யாப்பு நூல்களின் வாசகங்களிடையே வேறுபாடு காணப்படின், பிரெஞ்சு வாசகமே மேலோங்கும் என்பது விதி.

நேயர்களே, கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுவோர் பலர், பெயர்ப்பதா, கடன் கொள்வதா என்ற ஒரே வினாவில் நின்று வாதிடுவர். நாமோ 'வானொலி' என்று பொருளால் ஒரு பெயரை ஆக்கினோம். 'றேடியோ' என்ற ஒலியையும் கடனாக வழங்கினோம். இரண்டும் நம் நாவில் வாழ்கின்றன. வினாவை இப்படிக் கேட்பதே மேல்: இச்சொல்லை யார், எந்நிலையிற் சொல்லப்போகிறார்? அறையில் அமர்ந்து நூல் வாசிப்பவனுக்குப் பொருள் விளங்கும் சொல் வேண்டும். நள்ளிரவிலே, பொங்கும் கடலிலே, நடுங்கும் நாவினாற் கூவுகிறவனுக்கோ, இரைச்சலைக் கடந்து மறுகரையை அடையும் ஒலியே வேண்டும்.

அன்று வகுப்பிலே அம்மாணவனுக்கு நான் கூறிய விடையும் இதுவே. அச்சொல்லில் மே மாதமும் இல்லை, தினமும் இல்லை. 'எனக்கு உதவ வாருங்கள்' என்னும் ஒரு மனிதக் குரலே இருக்கிறது. அக்குரல் எவருடைய மொழியில் ஒலித்தாலென்ன? கேட்பவன் விரைந்து செல்லுதலே அதற்குரிய சிறந்த மொழிபெயர்ப்பு.