மண்டபம் கேம்ப்: ஒழுகும் கூரைக்கு யாரிடம் போவது?

ராமநாதபுரத்திலிருந்து பாம்பனுக்குப் போகும் ரயில் பாதையில் மண்டபம் கேம்ப் என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. மண்டபத்துக்குத் தனியாக ஒரு ஸ்டேஷன் இருக்கும்போது இது என்னடா கேம்ப் என்று, இன்ஜினியரிங் படித்த காலத்தில் ராமேஸ்வரம் டூர் போன ரயிலில் கேட்டேன். கோத்தகிரிப் பக்கத்து நண்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "எங்க ஆயா இந்தியாவுக்கு வந்து முதல் ராத்திரி தூங்குன எடம்டா" என்றான். அந்த ஆயாவின் தாத்தா இந்தியாவில் கடைசி ராத்திரி தூங்கியதும் இங்கேதான் என்பது பிறகு அவன் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓட ஆரம்பித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய் பரிசோதித்து, அம்மை குத்தி, சில நாள் நிறுத்தி அனுப்ப மண்டபத்தில் முகாம் வந்தது. இதில் விசித்திரம் என்னவென்றால், நிலம் நம்முடையது, முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். ஆள் பிடித்துக் கொடுக்கத் தோட்டக்காரர்களின் லேபர் கமிஷன் திருச்சியில் ஆபீஸ் போட்டிருந்தது. கூலியின் கழுத்தில் எண் பொறித்த தகரத் துண்டு தொங்கும். எந்தத் தோட்டத்துக்கு இந்த ஆள், யார் கணக்கில் செலவு என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆளுக்குப் பொறுப்பாளி யார் என்பதை அவ்வளவு துல்லியமாக எழுதி வைத்தவர்கள், அவன் போய்க் குடியேறிய வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் எழுதவில்லை.

அந்த வீட்டுக்கு லயம் என்று பெயர். நீளமான ஒரே கட்டடத்தில் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றும் சுமார் பத்துக்குப் பன்னிரண்டு அடி. காம்பரா என்பார்கள். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். கட்டடத்தின் முதலாளிக் கம்பெனி பெரும்பாலும் லண்டனில், அதன் ஏஜென்ஸி கொழும்பில், துரை மேட்டு பங்களாவில். கூரை ஒழுகினால் கங்காணியிடம் சொல்ல வேண்டும், அவர் கணக்கப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். நான் சாஃப்ட்வேர் சப்போர்ட் வேலையில் இருந்தவன், எனக்கு இது நன்றாகவே புரியும். டிக்கெட் ஒரு டீமிலிருந்து இன்னொரு டீமுக்குப் போய்க்கொண்டே இருக்கும், "அது எங்க ஏரியா இல்லைங்க" என்று எல்லோரும் உண்மையையே சொல்வார்கள், பழுது மட்டும் அப்படியே கிடக்கும். லயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. செக்ரோலில் பேர் இருக்கும்வரைதான் காம்பரா. பேரை வெட்டினால் வீடும் போச்சு. அதிகம் கேட்க வாய் வராது.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. இரண்டே மாதத்தில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது, பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. திரும்பி வந்தவர்கள் மறுபடி மண்டபம் கேம்பில்தான் இறங்கினார்கள். அவர்களுக்காக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை பயிரிட ஆரம்பித்தது. அதுதான் 1976இல் டான்டீ என்ற அரசுக் கம்பெனி ஆனது. கடன் கொடுக்க 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. இரண்டுமே நல்ல எண்ணத்தில் பிறந்தவை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டான்டீயிலும் வீடு வேலையோடு கட்டப்பட்டது. ரிட்டயர் ஆனால் எங்கே போவது என்ற கேள்வி கடலைத் தாண்டிக் கூடவே வந்தது.

அந்தப் பக்கம் என்ன நடந்தது? எழுபதுகளில் இலங்கை தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் நிர்வாகத்தை மட்டும் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்தது. லயங்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு டிரஸ்ட் அமைந்தது. இன்று அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். அரசு, கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் அதில் உண்டு. கூரை மாற்றினார்கள், கக்கூஸ் கட்டினார்கள், தண்ணீர்க் குழாய் போட்டார்கள், பிள்ளை மடுவங்களைச் சீர்செய்தார்கள். கடன் வாங்கி, சம்பளத்தில் பிடித்தம் கொடுத்துத் தனி வீடு கட்டியவர்களும் உண்டு. காசு தொழிலாளியுடையது, ஆனால் காணிக்கு உறுதி அவன் கையில் வரவில்லை.

கிட்டத்தட்ட இதே யோசனை இங்கிலாந்திலும் வந்தது. நகராட்சி வாடகை வீடுகளின் உரிமை நகராட்சியிடமே இருக்கும், பழுதுபார்ப்பும் வாடகை வசூலும் அதற்குச் சொந்தமான தனிக் கம்பெனி செய்யும். 2002இலிருந்து இப்படிப் பல கம்பெனிகள் வந்தன. சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கினால் மத்திய அரசுப் பணம் கூடுதலாகக் கிடைத்தது, பல ஊர்களில் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் புதுச் சமையலறையும் ஹீட்டரும் வந்தன. ஆனால் லண்டனில் கென்சிங்டன் பகுதி வீடுகளை நடத்திய அமைப்பின் நிர்வாகக் குழுவிலேயே குடியிருப்போர் உட்கார்ந்திருந்தார்கள். கிரென்ஃபெல் டவரில் ஆபத்து இருக்கிறது என்று குடியிருப்போர் குழு ஒன்று முன்கூட்டியே எழுதியும் வைத்தது. 2017 ஜூன் 14 அன்று அந்தக் கட்டடம் எரிந்து 72 பேர் செத்தார்கள். குழுவில் நாற்காலி இருப்பதும் சொல்வது காதில் விழுவதும் வேறு வேறு என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது இன்னொரு கணக்கு. போருக்குப் பிறகு இந்திய அரசு இலங்கையில் 50,000 வீடுகளுக்குப் பணம் கொடுத்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாக அவர்கள் பேங்க் கணக்கிலேயே விழுந்தது. கொத்தனாரை அவர்களே பேசி, ஜன்னல் எங்கே என்று அவர்களே சொல்லிக் கட்டினார்கள். 2012இல் தொடங்கிய வேலை மளமளவென்று நடந்தது. மலையகத்துக்கு ஒதுக்கிய 4,000 வீடுகளில் கல் வைக்கவே 2016 ஆகிவிட்டது. பணம் கொடுத்தது ஒரே அரசுதான். வடக்கில் காலடி மண் அவர்களுடையது, மலையில் அப்படி இல்லை.

மண்டபம் கேம்புக்கு வருவோம். 1983க்குப் பிறகு அது அகதி முகாம். மாநிலம் முழுக்க நூற்றுக்கு மேல் முகாம்கள், பல இடங்களில் பத்துக்குப் பத்து ஓட்டுக் கொட்டகை. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடி. முகாமின் பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. முப்பது நாற்பது வருஷம் ஒழுகிய கூரையின் கீழ் இருந்தவர்களுக்குக் கான்கிரீட் தளம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் பட்டா கிடையாது. அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்களுக்கும் பெரும்பாலும் குடியுரிமை கிடையாது. விரிசல் விட்டால் முகாமுக்குப் பொறுப்பான வருவாய்த்துறை அலுவலரிடம் மனு எழுத வேண்டும்.

"லயத்துல கங்காணி, இங்க ஆர்.ஐ., அவ்வளவுதான் தம்பி வித்தியாசம்" என்று நண்பனின் ஆயா சிரித்துக்கொண்டே சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. அவருக்குக் கடைசிக் காலத்தில் கோத்தகிரிக்குக் கீழே இரண்டு சென்ட் இடமும் சிமெண்ட் ஷீட் வீடும் இருந்தன. அதுவும் ஒழுகிற வீடுதான். மழைக்கு முன்னால் பேரனை ஏற்றிவிட்டுத் தாரை அவரே கீழேயிருந்து எடுத்துக் கொடுப்பார்.

2022 மார்ச்சில் இலங்கையில் அரிசிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, சின்னப் பிள்ளைகளோடு சில குடும்பங்கள் படகில் வந்து தனுஷ்கோடிப் பக்கம் மணல் திட்டில் இறங்கின. விசாரித்துவிட்டு அவர்களைத் தங்க வைத்த இடம் மண்டபம் கேம்ப்.